பதக்கம் யார் மார்பில், பாரம் யார் முதுகில்?

1916 செப்டம்பர் 13. பிரான்சின் வெர்டன் கோட்டைக்குள் ஒரு விழா. குடியரசுத் தலைவர் புவான்கரே முன்னிலையில் நேச நாடுகள் அனுப்பிய வீரப் பதக்கங்கள் வழங்கப்படுகின்றன. ரஷ்யாவின் பதக்கம், பிரிட்டனின் பதக்கம், இத்தாலியின் பதக்கம். அந்த வரிசையில் செர்பியாவின் தங்க வீரப் பதக்கமும் இருந்தது. அதைப் பெற்றுக்கொண்டது எந்தச் சிப்பாயும் இல்லை. வெர்டன் என்கிற ஊர் பெற்றுக்கொண்டது. ஜெர்மானிய குண்டுகளுக்கு ஈடுகொடுத்து நின்ற ஊர் என்பதால் ஊருக்கே பதக்கம்.

அதே ஆண்டு, அங்கிருந்து வெகுதூரத்தில், மாசிடோனிய மலைகளில் இன்னொரு காட்சி. சைப்ரஸ் தீவின் கிராமங்களிலிருந்து கூலிக்கு அழைத்து வரப்பட்ட விவசாயிகள் கோவேறு கழுதைகளைப் பிடித்துக்கொண்டு மலையேறுகிறார்கள். மேலே போகும்போது கழுதையின் முதுகில் குண்டும் ரொட்டியும். கீழே வரும்போது காயம்பட்ட சிப்பாய். பிரிட்டிஷ் இராணுவத்தின் 'மாசிடோனியக் கோவேறு கழுதைப் படை' என்று அதற்குப் பெயர். 12,000 பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். போர் முடிந்து பிரிட்டிஷ் அரசு எல்லோருக்கும் போர்ப் பதக்கம் அடித்தபோது, சிப்பாய்க்கு வெள்ளியில் அடித்தது. இவர்களுக்கு வெண்கலத்தில் அடித்தது. அதே வடிவம், அதே அரசர் தலை. உலோகம் மட்டும் வேறு.

கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் தங்கம். மலையேறி இறங்கிய மனிதனுக்கு வெண்கலம். வீரப் பதக்கம் என்பது வீரத்தை அளக்கும் கருவி என்று இன்னமும் நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? நம் இளம் தோழர்கள் பலர் சமூக ஊடகங்களில் ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாதிப் பெருமை பேசுகிறவர்கள் ஒரு பழைய பதக்கத்தின் படத்தைப் போட்டு, "எங்கள் சாதி வீரச் சாதி, வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்" என்கிறார்கள். நம்மாட்கள் பதிலுக்கு இன்னொரு பதக்கத்தைத் தேடி எடுத்து, "எங்கள் தாத்தாவுக்கும் கொடுத்தான்" என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தராசை நம்பித்தான் சண்டை போடுகிறார்கள். அந்தத் தராசு யாருடையது, அதில் படிக்கல் எப்படி வைக்கப்பட்டது என்று கேட்க ஆளில்லை. நம் சாதிச் சண்டை எதுவும் கலக்காத ஓர் இடத்தில் வைத்து இதைப் பார்த்தால் தலை சூடாகாமல் பார்க்கலாம். அதனால்தான் செர்பியா. முதல் உலகப் போரில் அந்தச் சின்ன நாடு தன் நேச நாட்டுப் படைகளுக்கு அள்ளிக் கொடுத்த பதக்கங்களின் கதை, பதக்கம் என்கிற பொருளின் சூட்சுமத்தை வெட்டவெளிச்சமாகக் காட்டுகிறது.

முதலில் அந்த நாட்டின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1914-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி படையெடுத்தபோது செர்பிய விவசாயிகள் செர் மலையிலும் கொலுபாரா ஆற்றங்கரையிலும் அந்தப் பெரிய சாம்ராஜ்யத்தைத் திருப்பி அடித்தார்கள். அடுத்து 1915-இன் தொடக்கத்தில் டைஃபஸ் காய்ச்சல் பரவி மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளோடு சேர்ந்தே செத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பல்கேரியாவும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. செர்பியப் படையும் அதோடு பெருந்திரளான மக்களும் பனிக்காலத்தில் அல்பேனிய மலைகளைக் கால்நடையாகக் கடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக. பிழைத்தவர்கள் கப்பலேறி கிரேக்கத்தின் கோர்ஃபு தீவு சேர்ந்தார்கள். அங்கே வந்த பிறகும் பட்டினியிலும் நோயிலும் சாவு நிற்கவில்லை. புதைக்க இடம் போதாமல் பிணங்களைக் கடலில் இறக்கினார்கள்.

ஆக, 1916-இல் செர்பிய அரசு என்பது நாடில்லாத அரசு. தலைநகர் எதிரியிடம். நிலம் எதிரியிடம். வரி கிடையாது, விளைச்சல் கிடையாது. துப்பாக்கி, சோறு, சட்டை, பூட்ஸ் எல்லாம் பிரான்சும் பிரிட்டனும் கொடுத்தவை. கடன்பட்ட வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்க என்ன இருக்கும்? பதக்கம் இருந்தது. வெள்ளைக் கழுகு விருது, கரஜோர்ஜே நட்சத்திரம், மிலோஷ் ஒபிலிச் வீரப் பதக்கம். அந்த அரசிடம் மிச்சமிருந்த ஒரே நாணயம் அதுதான். அதை நேச நாட்டு அரசுகளிடம் கொடுத்து உறவைக் காப்பாற்றிக்கொண்டது. இதில் செர்பியாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாணயத்தை நாணயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பதக்கங்கள் எப்படி வகை பிரிக்கப்பட்டிருந்தன என்று பாருங்கள். கரஜோர்ஜே நட்சத்திரம் 1904-இல் மன்னர் முதலாம் பேதர் ஏற்படுத்தியது. துருக்கிய ஆட்சிக்கு எதிராக 1804-இல் நடந்த எழுச்சியின் நூற்றாண்டு நினைவு. அந்த எழுச்சியின் தலைவர் கரஜோர்ஜே யார் தெரியுமா? பன்றி வியாபாரி. ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பன்றி மேய்த்து, பன்றி விற்றுப் பிழைத்தவர். நம் ஊரில் பன்றி வளர்ப்பவரை எந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒருவர் பெயரால் வந்த விருது என்றால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அதிகாரிகளுக்கு வாள் பொறித்த நட்சத்திரம், அதற்குள் நான்கு படிநிலைகள். சிப்பாய்க்கும் கீழ்நிலை அலுவலருக்கும் தனியாக ஒன்று, தங்கத்திலும் வெள்ளியிலும். 1389 கொசோவோ போரில் துருக்கி சுல்தானைக் கொன்றதாகக் கதைகள் புகழும் மிலோஷ் ஒபிலிச்சின் பெயரில் 1913-இல் வந்த வீரப் பதக்கத்திலும் தங்கம், வெள்ளி என்று இரண்டு படி.

அதாவது, குண்டு வந்து விழுந்த குழி ஒன்றாகவே இருக்கலாம். அதே குழியிலிருந்து அதே காயம்பட்டவனை அதிகாரி ஒரு கையும் சிப்பாய் ஒரு கையுமாகத் தூக்கி வந்திருக்கலாம். ஆனால் இருவர் மார்பிலும் ஒரே பதக்கம் ஏறாது. வீரம் நடப்பதற்கு முன்பே அதற்கான பெட்டி தயாராகிவிட்டது. எந்தப் பெட்டிக்குள் உன் வீரம் போகும் என்பது உன் தோள்பட்டையைப் பார்த்து முடிவாகும். பிறப்பைப் பார்த்து முடிவு செய்யும் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

"இராணுவம் என்றால் படிநிலை இருக்கத்தானே செய்யும்" என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும். கட்டளை இடுவதற்குப் படிநிலை வேண்டும் என்பதையே ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்கிறேன். சாவுக்குப் பயப்படாமல் இருப்பதற்கும் படிநிலை உண்டா? கட்டளைக்கான ஏணியைத் துணிச்சலுக்கும் சார்த்தி வைத்தது யார்?

அடுத்து, இந்தப் பதக்கங்கள் நேச நாட்டுச் சிப்பாய்கள் கைக்கு எப்படி வந்தன? செர்பியத் தளபதி மலை உச்சியில் நின்று, பக்கத்துப் படைப்பிரிவின் பிரிட்டிஷ் சிப்பாய் செய்த சாகசத்தைக் கண்ணால் பார்த்து, ஓடி வந்து மார்பில் குத்தினார் என்று சினிமாவைப்போல் கற்பனை செய்ய வேண்டாம். அப்படிச் சில நடந்தன. ஆனால் பெரும்பாலும் நடந்தது வேறு. நேச நாடுகள் தங்களுக்குள் பதக்கங்களை மொத்தமாகப் பரிமாறிக்கொண்டன. இவ்வளவு எண்ணிக்கை உங்களுக்கு, இவ்வளவு எங்களுக்கு. வந்த பதக்கங்களை அந்தந்த நாட்டு இராணுவத் தலைமை தன் படைகளுக்குப் பங்கு பிரித்தது. பெயர்களை மேலதிகாரிகள் பரிந்துரைத்தார்கள். 1917 பிப்ரவரி 15 தேதியிட்ட பிரிட்டிஷ் அரசிதழில் செர்பிய மன்னர் வழங்கிய பதக்கங்களின் நீண்ட பட்டியல் வெளியானது. செர்பிய மண்ணை மிதிக்காதவர்கள், செர்பியச் சிப்பாய் ஒருவரையும் நேரில் பார்க்காதவர்கள், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழியில் கிடந்தவர்கள் செர்பிய வீரப் பதக்கம் பெற்றார்கள். இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் செர்பியப் பதக்கம் பெற்றார்கள்.

அவர்கள் வீரர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சேற்றில் நின்ற ஒவ்வொருவருக்கும் என் மரியாதை உண்டு. நான் சொல்வது பதக்கத்தைப் பற்றி. ஒரு பதக்கம் உன் கைக்கு வர மூன்று காரியம் நடந்தாக வேண்டும். நீ செய்ததை ஒரு மேலதிகாரி பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத அவருக்கு மனம் வர வேண்டும். எழுதியது மேலே போகும்போது ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் உன் பெயர் நிற்க வேண்டும். இந்த மூன்றில் எதுவும் உன் துணிச்சலைச் சேர்ந்தது இல்லை. மூன்றும் உன்னைப் பார்க்கிறவர் கண்ணைச் சேர்ந்தது. யாருடைய உழைப்பு எந்தக் கண்ணுக்குத் தெரியும், எந்தக் கண்ணுக்குத் தெரியாது என்பதுதானே இந்தப் பக்கத்தில் நாம் எப்போதும் பேசுகிற விஷயம்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "நேரில் பார்த்துக் கொடுத்த பதக்கங்களும் உண்டே, அதிலும் பெண்களுக்குக் கொடுத்தார்களே" என்று கேட்பீர்கள். உண்டு. ஸ்காட்லாந்து மருத்துவர் எல்சி இங்லிஸ் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் போர் அமைச்சகத்திடம் போய், பெண் மருத்துவர்கள் நாங்கள் மருத்துவமனை நடத்தித் தருகிறோம் என்றார். வீட்டில் இருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். செர்பியா வரவேற்றது. டைஃபஸ் வாட்டிய காலத்தில் அங்கே போய் வேலை பார்த்தார், எதிரியிடம் சிறைப்பட்டார், மீண்டார். 1916-இல் செர்பியா அவருக்கு வெள்ளைக் கழுகு விருது கொடுத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். சொந்த நாடு வேண்டாம் என்றதை நொறுங்கிக் கிடந்த நாடு மதித்தது. இதைச் செர்பியாவின் கணக்கில் நல்லதாகவே எழுதுகிறேன்.

அடுத்து ஃப்ளோரா சாண்டஸ். இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவரின் மகள். செவிலியர் குழுவோடு வந்தவர், 1915 பின்வாங்கலின்போது செர்பியக் காலாட்படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். 1916 நவம்பரில் மொனாஸ்டிர் அருகே கையெறி குண்டு வெடித்து உடலெங்கும் காயம். கரஜோர்ஜே நட்சத்திரம் கொடுத்தார்கள். அவர் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், இங்கிலாந்து போய்ப் பேசிச் செர்பியச் சிப்பாய்களுக்காக நிதி திரட்டினார், பின்னாளில் கேப்டன் ஆனார். துணிச்சலான பெண், சந்தேகமே இல்லை.

இப்போது மூன்றாவது பெண். மிலுங்கா சாவிச். செர்பியக் கிராமத்து விவசாயி மகள். பால்கன் போர்களின்போது தம்பிக்கு வந்த அழைப்புக்குப் பதிலாக, முடியை வெட்டிக்கொண்டு ஆண் வேடத்தில் படையில் சேர்ந்தவர். காயம்பட்டு மருத்துவரிடம் போனபோதுதான் பெண் என்றே தெரிந்தது. அதன் பிறகும் படையை விட்டுப் போக மறுத்தார். கொலுபாராவில் சண்டையிட்டார், அல்பேனிய மலையைக் கடந்தார், மாசிடோனியாவில் மறுபடியும் சண்டையிட்டார். கரஜோர்ஜே நட்சத்திரம் இரண்டு முறை. மிலோஷ் ஒபிலிச் பதக்கம். பிரான்ஸ் லீஜியன் ஆஃப் ஆனர் கொடுத்தது, போர்ச் சிலுவை கொடுத்தது. உலகப் போர்களின் வரலாற்றில் இவ்வளவு பதக்கம் வாங்கிய பெண் வேறு யாரும் இல்லை என்றே பலரும் எழுதுகிறார்கள்.

போர் முடிந்த பிறகு அவருக்குக் கிடைத்த வேலை, பெல்கிரேடில் ஒரு வங்கியில் தரை துடைப்பது. ஆண்டுக்கணக்கில் அந்த வேலைதான் பார்த்தார். அந்தச் சம்பளத்தில் தன் மகளோடு மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1973-இல் இறந்தார். நாற்பது ஆண்டு கழித்து, 2013-இல், அரசு அவருடைய எச்சங்களைத் தோண்டி எடுத்து, பெல்கிரேடு புதிய கல்லறைத் தோட்டத்தில் பெரிய மனிதர்கள் வரிசையில் இராணுவ மரியாதையோடு மறு அடக்கம் செய்தது. ஃப்ளோராவுக்குப் புத்தகம் எழுதும் படிப்பும், கேட்க ஆளுள்ள மேடையும் பிறப்பிலேயே கிடைத்திருந்தன. மிலுங்காவுக்கு இரண்டும் இல்லை. ஒரே போர், ஒரே நட்சத்திரம்; போர் முடிந்ததும் இரண்டு பாதை.

இந்தக் கதையை இணையத்தில் எங்கே படித்தாலும் ஒரே தொனிதான். "ஐயோ, இவ்வளவு பெரிய வீராங்கனை தரை துடைத்தாரே!" நம் தோழர்களும் இதைப் பகிரும்போது அதே வரியைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஐயோவில்தான் தகராறு.

அந்த அனுதாபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? தரை துடைப்பது இழிவு, பதக்கம் வாங்கியவருக்கு அந்த இழிவு நேர்ந்திருக்கக் கூடாது, வாங்காதவருக்கு நேரலாம். இதுதான் இருக்கிறது. அதே வங்கியில் மிலுங்காவுக்குப் பக்கத்தில் வாளியோடு நின்ற இன்னொரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவரிடம் பதக்கம் இல்லை. அவருடைய கணவரோ மகனோ அல்பேனியப் பனியில் விழுந்து கிடந்திருக்கலாம். ஊரில் இருந்தபடியே ஆக்கிரமிப்பையும் பஞ்சத்தையும் தாண்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவராக அவர் இருந்திருக்கலாம். அவர் தரை துடைப்பதைப் பார்த்து யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. அவர் துடைப்பது இயல்பு, மிலுங்கா துடைப்பது அநியாயம் என்றால், நம் கண்ணீர் மிலுங்காவுக்காக வரவில்லை, பதக்கத்துக்காக வருகிறது. வேலையில் இழிவைப் பார்க்கும் கண், அந்த இழிவை யார் சுமக்கலாம் என்று ஆள் பிரிக்கும் கண். நம் நாட்டில் அந்தக் கண்ணுக்குச் சாதி என்று பெயர்.

மிலுங்காவுக்கு நேர்ந்த அநியாயம் துடைப்பத்தில் இல்லை. போரில் அவர் தேவைப்பட்டபோது தேடிய அரசு, போர் முடிந்ததும் பதக்கத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டதில் இருக்கிறது. தரை துடைப்பவருக்குக் கண்ணியமான கூலியும், உட்கார நாற்காலியும், முதுமையில் ஓய்வூதியமும் இருந்திருந்தால் இந்தக் கதையில் ஐயோ என்ற சொல்லுக்கே இடமிருந்திருக்காது. பதக்கம் கூலியின் இடத்தில் வைக்கப்படுகிறது. 2020-இல் கொரோனா காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்களே, நினைவிருக்கிறதா? குப்பை அள்ளிய கைகளுக்குத் தேவைப்பட்டது கையுறையும் நிரந்தர வேலையும். கிடைத்தது பூ. செர்பியப் பதக்கத்துக்கும் அந்தப் பூவுக்கும் தூரம் அதிகமில்லை.

மறுபடியும் மாசிடோனிய மலைக்கு வருவோம். அந்தப் போர்முனையில் வெள்ளைக்காரர்கள் மட்டும் நிற்கவில்லை. பிரெஞ்சுப் படையில் செனகல் உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நாட்டவர் இருந்தார்கள். மடகாஸ்கர்காரர்களும் இந்தோசீனாக்காரர்களும் இருந்தார்கள். 1918 செப்டம்பரில் டோப்ரோ போலே மலையில் எதிரி அரண் உடைந்ததும், காட்டு மலைவழியில் குதிரைகளை இழுத்துக்கொண்டு போய் ஸ்கோப்யே நகரைப் பிடித்த பிரெஞ்சுக் குதிரைப்படையில் மொரோக்கோ குதிரைவீரர்கள் இருந்தார்கள். 1918-இல் இந்தியப் படைகளும் அங்கே வந்தன. தெசலோனிகி நகரில் இந்தியர்களுக்கென்றே ஒரு போர்க் கல்லறை இன்றும் இருக்கிறது. அதே நகரின் ஸைட்டின்லிக் கல்லறைத் தோட்டத்தில் செர்பியர்களுக்கு அருகே பிரெஞ்சுக் காலனிச் சிப்பாய்களும் புதைந்து கிடக்கிறார்கள். தன் நாட்டையே இன்னொருவன் பிடித்து வைத்திருக்கும்போது, மூன்றாவது ஒரு நாட்டை மீட்க வந்து செத்தவர்கள் இவர்கள். செர்பியாவின் விடுதலைக்குப் பதக்கம் கொடுத்த பிரான்சும் பிரிட்டனும் செனகலுக்கும் இந்தியாவுக்கும் என்ன கொடுத்தன என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியும்.

இனி அந்த வெண்கலத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் அடிக்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1,10,000. வெண்கலம் யாருக்கு? சைப்ரஸ் கோவேறு கழுதைக்காரர்களுக்கு, சீனத் தொழிலாளர் படைக்கு, மால்டா தொழிலாளர் படைக்கு, இந்தியத் தொழிலாளர் படைக்கு. ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிகளும் நாகா மலை, லுஷாய் மலை மக்களும் பிரான்சுக்குப் போய்ப் பாதை போட்டார்கள், மூட்டை தூக்கினார்கள், மரம் வெட்டினார்கள். சுமந்தவன் கைக்கு வந்தது வெண்கலம். சுட்டவன் கைக்கு வெள்ளி. இந்தியாவில் இது புதிதும் இல்லை. அதற்கு முன்பே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எல்லைப்புறப் போர்களுக்கு அடித்த பதக்கங்களிலும் சிப்பாய்க்கு வெள்ளி, 'பின்தொடர்வோர்' என்று இராணுவம் அழைத்த தண்ணீர் சுமப்பவருக்கும் பல்லக்குத் தூக்குபவருக்கும் வேலையாட்களுக்கும் வெண்கலம். குண்டு பாயும் இடத்துக்கே தோல்பையில் தண்ணீர் எடுத்துப் போனவர் சிப்பாயின் தாகத்தைத் தீர்த்தார். ஆனால் பதக்கத்தில் அவருக்குத் தனிக் குவளை.

யார் சிப்பாய் ஆகலாம் என்பதையும் அதே அரசுதான் தீர்மானித்தது. 'வீர இனங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. இராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் தென்னிந்தியர்களுக்குப் போர்க்குணம் இல்லை என்று சொல்லி மதராஸ் படைப்பிரிவுகளைச் சுருக்கினார்கள். மகர்களை 1890-களின் தொடக்கத்தில் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அதே மகர்களை முதல் உலகப் போரில் ஆள் தட்டுப்பட்டபோது 1917-இல் கூப்பிட்டு 111-ஆவது மகர் படைப்பிரிவு என்று அமைத்தார்கள். 1921-இல் கலைத்தார்கள். நான்கு ஆண்டு வீர இனம், ஐந்தாம் ஆண்டு மறுபடியும் தீண்டத்தகாதவர். வீரம் இரத்தத்தில் இருக்கிறது என்கிற கதையை வெள்ளைக்காரன் எழுதினான், நம் ஊர் ஆதிக்க சாதிகள் அதை ஜாதகம்போலப் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன. அந்த ஜாதகத்தைக் காட்டித்தான் இன்று ஆண்ட பரம்பரை பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் தோழர்கள் கோரேகாவை நினைப்பீர்கள். நினைக்க வேண்டும். அந்தத் தூணில் மகர் வீரர்கள் பெயர் பொறித்திருக்கிறது. அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்கே போனார். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் அவர். இராணுவம் தன் மக்களுக்கு எதைத் திறந்தது, எதை மூடியது என்று வீட்டுக்குள்ளிருந்தே அறிந்தவர். 1930 வட்டமேசை மாநாட்டில் அவர் எழுந்து, இராணுவக் கதவு இன்று எங்களுக்குத் திறந்திருக்கிறதா என்று பிரிட்டிஷ் அரசின் முகத்துக்கு நேராகக் கேட்டார். கோரேகாவ் தூணை நான் அவருடைய அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். எங்கள் வீரத்தை வாங்கிக்கொண்டாய், எங்கள் உரிமை எங்கே என்பது குற்றப்பத்திரிகை. நாங்களும் வீரச் சாதிதான், எங்களையும் பட்டியலில் சேர் என்பது விண்ணப்பம். இரண்டும் ஒன்றில்லை. விண்ணப்பம் எழுதுகிறவர் பட்டியலை ஏற்றுக்கொள்கிறார். நாளை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் இன்னொருவரைப் பார்த்து, நீ வீரனில்லை என்று சொல்லவும் தயாராகிறார்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாராவது தாத்தாவின் பதக்கத்தைக் காட்டி வம்புக்கு இழுத்தால், பதிலுக்குப் பதக்கம் தேடாதீர்கள். அந்தத் தாத்தாவை இழிவாகவும் பேசாதீர்கள். குண்டுக்கு நடுவே நின்ற மனிதர் அவர், பேரன் பேசும் பேச்சுக்கு அவர் பொறுப்பில்லை. திருப்பிக் கேள்வி கேளுங்கள். பரிந்துரைத்தது யார்? ஒதுக்கீடு எத்தனை? அவருக்குக் குண்டு கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் என்ன? தண்ணீர் கொண்டுவந்தவர் பெயர் என்ன? அவருடைய கழிப்பறைக் குழியைச் சுத்தம் செய்தவர் பெயர் என்ன? அவர்களுக்கு எந்த உலோகம் கிடைத்தது? ஊருக்குத் திரும்பியபோது அந்த நால்வரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்களா?

நம் வீட்டுத் தாத்தாக்களைப் பற்றியும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. எந்தப் போருக்கு மூட்டை தூக்கப் போனார்கள், என்ன கூலி பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், திரும்பி வராதவர் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று பாட்டிகளிடம் கேட்டு எழுதி வையுங்கள். இருக்கிற சம்பளச் சீட்டையும் கடிதத்தையும் படம் எடுத்து வையுங்கள். பதக்கம் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கட்டும்.

வெர்டன் நகரத்தின் பதக்கம் பத்திரமாக இருக்கும். ஊருக்குக் கொடுத்ததை ஊர் காப்பாற்றும். மலையில் கழுதை பிடித்து நடந்த அந்தச் சைப்ரஸ்காரரின் கதையைக் காப்பாற்ற எந்தக் கோட்டையும் இல்லை. அதை நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.